கிரவுஸ் பறவைக்குக் கிரிட் மருந்து: "போன வருஷம் போலவே" என்றால் கையெழுத்துப் போட்டுவிடுவதா?

மழைக்கோட்டு (மார்ச் 19)

இங்கே ஆடு, மாடு, நாய், பூனை தாண்டிப் பேச்சு போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் தமிழில் இதைக் கேட்க எனக்கு வேறு இடமும் இல்லை.

இங்கிலாந்தில் வட பென்னைன் மலைப்பக்கம் ஒரு சின்ன கால்நடைக் கிளினிக்கில் டாக்டராக வேலை பார்க்கிறேன். எனக்கு இது இரண்டாவது லாம்பிங் சீசன், அதாவது செம்மறி குட்டி போடும் காலம். இதுவரை கை வைத்ததெல்லாம் செம்மறிதான். மூர் என்கிற மரமில்லாத மலைப்புதர் நிலத்துப் பறவைகளை எங்கள் சீனியர் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் ஒரு எஸ்டேட்டின் கீப்பர், அதாவது வேட்டைப் பறவைகளைப் பார்த்துக்கொள்பவர், கவுண்டரில் வந்து நின்றார். முழங்கால் வரை சேறு, சட்டைப்பையில் நாலாய் மடித்த காகிதம். "போன வருஷம் போலவே" என்றார், ஒரே வரி. காகிதத்தைப் பிரித்தால், ஃப்ளூபென்டசோல் பூசிய கிரிட் இரண்டு டன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரெட் கிரவுஸ் ஹெதர் செடியைத் தின்றே உயிர் வாழும் பறவை. பெரும்பாலான பறவைகள் தொடாத அந்த நார்ச்செடியை அரைக்க அரைவைப்பையில் கல் வேண்டும். மட்கிய செடியால் ஆன இங்கத்திய பீட் மண்ணில் கல் கிடைப்பது அரிது. அதனால் கீப்பர்கள் மலை முழுக்கத் தட்டுகளில் குவார்ட்ஸ் பொடிக்கல் வைப்பார்கள், அதுதான் கிரிட். அந்தக் கல்லின் மேல் கொழுப்போடு சேர்த்துப் புழு மருந்தைப் பூசிவிட்டால், பறவை தானாக வந்து மருந்து தின்றுவிட்டுப் போகும். காட்டுப் பறவையைப் பிடிக்காமலே குடற்புழு நீக்கம். கேட்டபோது பிரமாதமாக இருந்தது.

ஃபைலைப் புரட்டினேன். கடைசியாகப் புழு எண்ணியது நாலு வருஷத்துக்கு முன்னால். அதற்கப்புறம் ஒவ்வொரு மார்ச்சிலும் ஒரு கையெழுத்து, இரண்டு டன்.

மூரைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று சொன்னேன். கீப்பர் முகம் சுருங்கியது. ஆனால் மறுநாளே எட்டுச் சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் தட்டைத் திறந்து காட்டினார். ஒரு மரப்பெட்டி, நடுவில் தடுப்பு. ஒரு பக்கம் மருந்துக்கல், மறுபக்கம் வெறுங்கல், மூடியைத் திருப்பினால் ஏதாவது ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். கல்லின் மேலே, விளிம்பில், மூடியில் எல்லாம் எச்சம். நார் நாராய்க் காய்ந்த சாதாரண எச்சம் மட்டும் அல்ல, குருட்டுக்குடலிலிருந்து வருகிற கறுத்த, பாகு போன்ற எச்சமும். அதன்மேல் நின்றுகொண்டுதான் அடுத்த பறவை கல் பொறுக்கும். எனக்கு அங்கேயே வயிறு ஒருமாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டை. நாங்கள் இரண்டடி தூரம் போகும்வரை எழவே இல்லை. எழுந்தது முப்பது கஜம் பறந்து ஹெதருக்குள் விழுந்தது. கீப்பரின் ஸ்பேனியல் நாய் அதை உயிரோடு கவ்விக்கொண்டு வந்தது. என் கையிலேயே போய்விட்டது. தராசில் 470 கிராம். நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போல விரலில் வெட்டியது. வண்டியின் பின்கதவைப் பலகையாக வைத்து அறுத்தேன். குருட்டுக்குடல் இரண்டும் சிவந்து வீங்கி இருந்தன. சுவரைப் பிளந்து தண்ணீர் விட்டால், அறுந்த முடி போலப் புழுக்கள். எண்ணவில்லை, எண்ணுகிற அளவிலும் இல்லை.

"பார்த்தாயா, புழு. அதனால்தான் மருந்து" என்கிறார் கீப்பர். "நாலு வருஷம் மருந்து வைத்தும் இப்படி என்றால்?" என்கிறேன் நான். இரண்டு பேரும் ஒரே பறவையைத்தான் காட்டுகிறோம்.

இன்னொன்று. திரும்பும் வழியில் ஒரு சேவலைப் பார்த்தேன், கண் பக்கம் தடித்துச் சிவந்திருந்தது. அது வேறு நோயா?

கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? ஒன்றும் போடாமல் விட்டு, மே மாதம் மலை முழுக்கப் பறவை செத்துக் கிடந்தால் அது என் தலையில். போட்டுவிட்டால் ஐந்தாவது வருஷமும் கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்து கொடுத்தவள் நான்.

---

பழைய_கம்பளி (மார்ச் 19)

தங்கச்சி, கீப்பர் கோவிச்சாலும் பரவாயில்லை, மூரைப் போய்ப் பாத்தீங்கள் தானே, அது நல்ல வேலை. நான் ஸ்கொட்லாந்தில ஆங்கஸ் பக்கத்துப் பள்ளத்தாக்கு வழிய இருபத்திரண்டு வருசம் செம்மறியோடயும் கிரவுஸோடயும் மாரடிச்சனான். இப்ப ரிட்டயர். மூட்டு நோகுது, வாய் மட்டும் நோகேல்லை. அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவன்.

முதல்ல சேவல். கண்ணுக்கு மேல புருவம் மாதிரி ஒரு சிவப்புத் தசை தடிச்சிருந்ததா, இல்லாட்டிக் கண்ணுக்குக் கீழ வீங்கித் தண்ணி வடிஞ்சதா? மேல எண்டால் அது நோய் இல்லை, மாப்பிள்ளை அலங்காரம். இளவேனில்ல சேவலுக்கு அந்தச் சிவப்புக் கொண்டை பொங்கி நிக்கும். புழு கூடின சேவலுக்கு அது சின்னனாய்த்தான் இருக்கும். கீழ எண்டால் வேற கதை, அதுக்குப் பிறகு வாறன்.

கையெழுத்து இண்டைக்குப் போட வேண்டாம். அதுக்காக மாட்டன் எண்டும் சொல்ல வேண்டாம். "எண்ணிப்போட்டுச் சொல்லுறன்" எண்டு சொல்லுங்கோ. மருந்துச்சீட்டு எண்டால் அந்தப் பறவையள் உங்கட பராமரிப்பில இருக்கு எண்டு நீங்கள் ஒப்புக்கொள்ளுற கடுதாசி. நாலு வருசமா ஒருத்தரும் எண்ணாத மூர் யாற்ற பராமரிப்பில இருந்தது? கிரிட்டின்ர பராமரிப்பில.

இந்தப் புழுவை விளங்கிக்கொண்டால் மிச்சம் தன்ர பாட்டில விளங்கும். பேர் ட்ரைக்கோஸ்ட்ராங்கைலஸ் டெனுயிஸ். இதுக்கு நத்தை, எறும்பு எண்டு இடையில ஒரு தரகரும் இல்லை. எச்சத்தோட முட்டை விழும், பொரிச்சுக் குடம்பி வரும், ஈரமும் இளஞ்சூடும் கிடைச்சால் ஹெதர் நுனிக்கு ஏறும். கிரவுஸ் கொத்துறது நுனியைத்தான். முடிஞ்சுது சங்கிலி. அப்ப மழையான கோடையும், நெருக்கமான பறவையும் சேர்ந்தால் அது புழுவுக்குக் கலியாண வீடு.

உங்கட பெட்டை ஏன் மார்ச்சில செத்தது எண்டதும் இதில இருக்கு. கோடைக் கடைசியில விழுங்கின குடம்பியில ஒரு பங்கு வளராமல் மாரி முழுக்க நித்திரை கொள்ளும். குளிர் விட எல்லாம் ஒண்டாய் எழும்பும். பெட்டைக்கு முட்டையிடுறதுக்குச் சத்து வேணும் எண்ட நேரத்திலதான் குடல் புண்ணாகும். சாகாட்டியும் முட்டை குறையும், அடை சரியா இருக்காது. இதில ஒரு வேடிக்கை: அடைகாக்கிற கிரவுஸ் தன்ர மணத்தை அடக்கிக்கொண்டு இருக்கும், நரி மோப்பம் பிடிக்கேலாது. புழு கூடினதுக்கு அது ஏலாது. பீட்டர் ஹட்சன் எண்ட ஆராய்ச்சியாளரும் கூட்டாளியளும் புழு மருந்து குடுத்த பெட்டையளையும் குடுக்காததையும் நாயை விட்டுத் தேடிப் பாத்தவை. மருந்து குடுத்ததுகளை நாய் கண்டுபிடிச்சது குறைவு. நரி தின்ட கணக்கில எழுதின எத்தனையோ சாவு, உள்ளுக்க பாத்தால் புழுவின்ர கணக்கு.

அவையே 1998இல சயன்ஸ் இதழில காட்டினவை: கிரவுஸ் தொகை சில வருசத்துக்கு ஒருக்கா மளமளவெண்டு விழுறது தெரியும் தானே, விழப்போற வருசத்தில பறவையளைப் பிடிச்சு மருந்து பருக்கினால் அந்த விழுக்காடு குறையுது எண்டு. உங்கட கீப்பர் பயப்பிடுறது சும்மா இல்லை. அவற்ற தகப்பன் காலத்து விழுக்காடு அவருக்கு ஞாபகம் இருக்கும். அந்தாளோட சண்டைக்கு நிக்காதையுங்கோ.

ஆனால் மருந்து இருக்கெண்டதுக்காக வருசா வருசம் மலை முழுக்க வைக்கிறது வைத்தியம் இல்லை, பழக்கம். செம்மறியில என்ன நடந்தது எண்டு நீங்கள் உங்கட கிளினிக்கிலயே பாத்திருப்பீங்கள்: ஒரே மருந்தைத் திருப்பித் திருப்பிக் குடுத்து, கடைசியில புழு சிரிக்குது. கிரவுஸ் புழுவுக்கு அந்தப் பாடம் படிப்பிக்க நாங்கள் அவசரப்படத் தேவையில்லை.

நான் விட்ட பிழையையும் சொல்லுறன். ஒரு எஸ்டேட், பேர் வேண்டாம். கிரவுஸ் சுடுறது ஆகஸ்ட் 12இல துவங்கும், டிசம்பர் 10 வரை. பறவை சாப்பாட்டுக்குப் போறதால மருந்துக் கல்லை 28 நாளைக்கு முந்தியே மூட வேணும், அப்ப ஜூலை 15. நான் சீட்டில வடிவா எழுதினனான். கீப்பரும் மூடினவர். ஆகஸ்ட் 11 பின்னேரம் போன் வருது. ஆத்துக்கு அங்கால, ஒருத்தரும் போகாத பக்கத்தில, பதினொரு தட்டு மருந்துப் பக்கம் திறந்தபடி. போன வருசம் உதவிக்கு நிண்ட பெடியன் வைச்சது, அவன் வேற இடம் போயிட்டான், தட்டு எங்க எங்க எண்டு ஒரு கடுதாசியிலயும் இல்லை. அந்தப் பக்கம் முழுக்க அந்த மாதம் சுடேல்லை. காசு கட்டி வந்த ஆக்கள் ஹோட்டலில இருந்து மழையைப் பாத்தவை. கீப்பர் என்னைத் திட்டேல்லை, அதுதான் எனக்கு இன்னும் சுடுது. தட்டு எத்தினை எண்டு நான் கேட்டிருக்க வேணும். கேக்காமல் கையெழுத்துப் போட்டனான்.

அதால முதல் வேலை: கீப்பரிட்ட தட்டுகளின்ர வரைபடம் கேளுங்கோ. இல்லை எண்டால் சீட்டும் இல்லை.

---

நுண்ணோக்கி (மார்ச் 20)

ஆய்வகத்தில் இருப்பவன். சுருக்கமாக.

இப்போது சீசன் இல்லை, எண்ணுவதற்காகப் பறவையைச் சுட முடியாது. எனவே எச்சம்தான். நார் எச்சத்தை எடுக்காதீர்கள், அதில் முட்டை தேடி நேரம் வீணாகும். பாகு எச்சம் வேண்டும். காலையில், பறவை இரவு தங்கிய இடத்தில், பளபளப்பு போகாததாகப் பார்த்து எடுங்கள். தட்டைச் சுற்றியே பொறுக்கினால் ஒரே பறவையை ஐந்து முறை எண்ணுவீர்கள். மலையின் ஒவ்வொரு பகுதியிலும் தள்ளித் தள்ளி எடுத்து, தனித்தனிக் குப்பியில், எந்தப் பகுதி என்று எழுதிப் போடுங்கள். குளிர்ச்சியாக வையுங்கள், உறைய விடாதீர்கள். காரின் டாஷ்போர்டில் அரை நாள் வைத்து, முட்டையெல்லாம் பொரித்த பிறகு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பார்க்கும்போது குடம்பி நெளியும், முட்டை இருக்காது.

மேடம், ஒரு எச்சரிக்கை. தூங்கும் குடம்பி முட்டை போடாது. ஜனவரி, பிப்ரவரியில் முட்டை எண்ணிக்கை குறைவாக வந்தால் "புழு இல்லை" என்று சந்தோஷப்பட வேண்டாம். மார்ச் கடைசியில் ஒரு முறை, ஏப்ரல் நடுவில் ஒரு முறை எடுத்தால்தான் ஏறுகிறதா என்று தெரியும்.

உண்மையான கணக்கு ஆகஸ்டில். சுட்ட பறவைகளில் முதிர்ந்தது பத்து, இளசு பத்து எடுத்து, குருட்டுக்குடலைப் பிளந்து நுண்சல்லடையில் கழுவி, கழுவிய நீரில் அளந்து எடுத்துப் புழுவை எண்ணிப் பெருக்க வேண்டும். குடல் இரண்டையும் நீட்டிவைத்தால் பறவையைவிட நீளம், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். பத்தாயிரம் தாண்டிய முதிர்ந்த பறவையும் எங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது, சில நூறு மட்டும் இருந்த பறவையும் அதே மலையிலிருந்து வந்திருக்கிறது. ஒரு பறவையை அறுத்துவிட்டு மலைக்கே தீர்ப்பு எழுத வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். செத்து விழுந்தது எப்போதும் மோசமான பறவைதான்.

இளசா முதிர்ந்ததா என்று பார்க்கக் கால் நகத்தைப் பாருங்கள். முதிர்ந்த பறவை கோடை முடிவில் நகம் கழற்றும், கழன்ற இடத்தில் குறுக்காக ஒரு தழும்பு தெரியும்.

---

மாட்டுக்கொக்கு (மார்ச் 20)

நான் டாக்டர் இல்லை, பறவை பார்ப்பவன், ஞாயிற்றுக்கிழமை பைனாகுலரோடு அந்த மலைகளில் அலைபவன். கேட்கவே கூடாது என்று நினைத்தேன், முடியவில்லை.

இது நோயா, நெரிசலா? சுடுவதற்காக ஒரு பறவையை இயற்கையாக இருப்பதைவிடப் பல மடங்கு பெருக்கி, நரியையும் காக்கையையும் ஒழித்து, ஹென் ஹாரியர் என்கிற பருந்து பக்கத்தில் வந்தால் அது திடீரென்று காணாமல் போய், பிறகு நெரிசலால் வந்த புழுவுக்கு மலை முழுக்க மருந்து தூவுவது. இதில் டாக்டர் யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்? பறவைக்கா, ஆகஸ்ட் 12க்கா? அந்த மருந்து எச்சத்தோடு பீட் மண்ணில் விழுகிறதே, அங்கே இருக்கிற பூச்சி புழுவை யார் எண்ணுகிறார்கள்?

---

பழைய_கம்பளி (மார்ச் 20)

தம்பி, நெரிசல் எண்டதில பாதி நீங்கள் சொல்லுறது சரி. ஹாரியர் விசயத்தில முழுக்கச் சரி, அதில நான் ஒருத்தருக்கும் வக்காலத்து வாங்கேல்லை. ஸ்கொட்லாந்தில 2024 சட்டத்துக்குப் பிறகு கிரவுஸ் சுட லைசென்ஸ் வேணும். அது வந்ததுக்குக் காரணமே பருந்துகளைக் கொல்லுற அந்தக் கள்ள வேலைதான்.

ஆனால் புழு நேற்று வந்த நெரிசல் வியாதி இல்லை. கிரவுஸ் நோயை ஆராய்ஞ்ச லார்ட் லோவட் குழுவின்ர அறிக்கை 1911இல வந்தது, அதிலயே இந்தப் புழுதான் குற்றவாளி. அந்தக் குழுவுக்காக மலை மலையா அலைஞ்சு பறவை அறுத்தவர் எட்வர்ட் வில்சன். ஓம், கேப்டன் ஸ்காட்டோட தென்துருவம் போய் 1912இல பனிக்குள்ள செத்தாரே, அவரே. அறிக்கை அச்சில வரேக்க அவர் அண்டார்டிகாவில. ஸ்காட்டோட போன இரண்டு பயணத்துக்கும் நடுவில அவருக்குக் கிரவுஸ்தான்.

பெட்டை யாற்ற துப்பாக்கிக்காக வளர்ந்தாலும், குடல் புண்ணாகிச் சாகேக்க அதுக்கு நோகும். தங்கச்சி பாக்கிறது அதைத்தான். மண்ணில விழுற மருந்தைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. தேவை இல்லாத இடத்தில வைக்காதையுங்கோ எண்டு நான் சொல்லுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

தங்கச்சிக்கு இன்னொரு விசயம், மறக்க முதல். ஜூனில குஞ்சுகள் செத்தால் உடன புழுவில பழி போடாதையுங்கோ, தலையைப் பாருங்கோ. கண்ணோரம், அலகடியில உண்ணி மொய்ச்சிருந்தால் லூப்பிங் இல். செம்மறிக்கு வாற அதே வைரஸ்தான், உண்ணி கொண்டு வரும். ஆய்வில தொற்றின குஞ்சில ஐந்தில நாலு செத்தது. உண்ணியை விழுங்கியும் தொற்றும். அதுக்குக் கிரிட்டில மருந்து இல்லை. அதே மலையில மேயிற செம்மறிக்கு உண்ணி மருந்து ஒழுங்கா விட்டால், செம்மறி நடமாடுற துடைப்பமா மாறி உண்ணியைக் கூட்டி அள்ளும். செம்மறி உங்கட கையில இருக்கு தானே.

---

மழைக்கோட்டு (ஏப்ரல் 24)

எல்லாருக்கும் நன்றி. தாமதத்துக்கு லாம்பிங்தான் காரணம். இரவு மூன்று மணிக்குச் செம்மறியின் பின்பக்கத்தில் முழங்கை வரை கை இருந்தவளால் டைப் அடிக்க முடியவில்லை.

மாட்டுக்கொக்கு, நீங்கள் கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. பதில் இல்லை. இருக்கிற மாதிரி நடிக்கவும் மாட்டேன்.

நடந்தது இது. கீப்பரிடம் வரைபடம் கேட்டேன். தலையைத் தட்டிக் காட்டினார், எல்லாம் இங்கே இருக்கிறது என்று. அண்ணன் சொன்ன பதினொரு தட்டுக் கதையைச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி ஒரு ஓஎஸ் (அரசு நில அளவை) வரைபடத்தோடு வந்தார். பென்சில் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் எண். 386 தட்டு. அதில் ஒன்பதுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி.

எச்சம் இரண்டு முறை எடுத்தோம். மலை மூன்று பகுதி. கிழக்கே, ஈரமான பள்ளத்தாக்குப் பக்கம், மார்ச்சில் நடுத்தரமாக இருந்த முட்டை எண்ணிக்கை ஏப்ரலில் ஏறிவிட்டது. நடுப் பகுதியிலும் மேற்கு முகட்டிலும் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்தப் பெட்டை செத்தது கிழக்கில். நாலு வருஷமாக மேற்கு முகட்டுக்கும் சேர்த்துத்தான் இரண்டு டன்.

கிழக்குக்கு மட்டும் எழுதினேன். மற்ற இரண்டிலும் வெறுங்கல். கீப்பர் மறுக்கவில்லை, ஆனால் "மேற்கில் ஏதாவது ஆனால்..." என்று முடிக்காமல் விட்டார். ஆகஸ்டில் மூன்று பகுதியிலும் எண்ணுவது என்று பேச்சு. அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன், அவரிடமிருந்து. கொஞ்சம் திருப்தியாக இருந்தது.

கிழக்கில் ஏன் மருந்து வைத்தும் ஏறியது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். பதில் தட்டுகளிலேயே இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் பாதித் தட்டில் தண்ணீர் தேங்கிக் கல்லின் பூச்சு கழுவிப் போயிருந்தது. சில தட்டுகளைச் செம்மறி கவிழ்த்திருந்தது. சில தட்டில் மூடி போன ஜூலையில் வெறுங்கல் பக்கம் திருப்பியது, இன்னும் அப்படியே. ஒரு துண்டு மருந்தும் தின்னாத பறவைகள். மருந்து தோற்கவில்லை, மூடி தோற்றிருக்கிறது.

சேவல் விஷயம்தான் மோசம். அண்ணன் கேட்டதும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது மேல் புருவம்தான், மாப்பிள்ளைதான். நிம்மதியாக இருந்தேன். ஆனால் எச்சம் பொறுக்கப் போன இரண்டாம் நாள், நடுப் பகுதியில் ஒரு பெட்டை, கண்ணுக்குக் கீழே புடைத்து, இமை மூடிப்போய், வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. கிட்டப் போனபோது தும்மியது. கீப்பர் அதைப் பார்த்ததும் கெட்ட வார்த்தை சொன்னார், மார்ச்சிலிருந்து நான் அவரிடம் கேட்ட மிக நீண்ட வாக்கியம் அது. பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்று கையுறை, முகமூடியோடுதான் தொட்டேன். முதலில் அதைத்தான் விலக்கச் சொன்னேன். ஆய்வக முடிவு: க்ரிப்டோஸ்போரிடியம் பெய்லியை, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி.

நுண்ணோக்கி அவர்களே, இதற்குக் கொடுக்க மருந்து எதுவும் இல்லை என்பது சரிதானா? தட்டுகளை என்ன செய்வது?

---

நுண்ணோக்கி (ஏப்ரல் 24)

சரிதான், கிரவுஸுக்குக் கொடுக்க உரிமம் பெற்ற மருந்து இல்லை. இந்த நோயைக் கீப்பர்கள் பல்ஜி ஐ (புடைத்த கண்) என்பார்கள். கிரவுஸில் இது முதலில் உறுதியானது 2010இல், உங்கள் வட பென்னைனில்தான். பறவை உடனே சாகாமலும் இருக்கும், ஆனால் நல்ல பறவை அளவுக்கு உயிர் பிழைப்பதும் இல்லை, குஞ்சு வளர்ப்பதும் இல்லை.

அந்த ஒட்டுண்ணியின் முட்டைப்பை தடித்த ஓடு உடையது. குளோரின் அதற்கு ஒன்றும் செய்யாது. பிளீச் ஊற்றிக் கழுவிவிட்டுச் சுத்தம் என்று நினைத்தால் ஏமாற்றம். கொதிநீரும் நீராவியும் வேலை செய்யும், நன்றாகக் காய்வதும் செய்யும். பல பறவை ஒரே இடத்துக்கு வந்து தும்மி, எச்சமிட்டு, கல் பொறுக்கும் இடம் தட்டுதான். நீங்கள் முதல் நாளே பார்த்து வயிறு புரட்டியது அதுதான், மேடம். நோய் கண்ட இடத்துத் தட்டுகளை எடுத்துவிடுங்கள். அழுக்குக் கல்லைக் கொட்டிப் புதிது போடுங்கள், பழையதன் மேலேயே புதிதைக் கொட்டாதீர்கள்.

---

பழைய_கம்பளி (ஏப்ரல் 25)

நடுப் பகுதியில புழு இல்லை எண்டு எச்சம் சொல்லுது எண்டால், அங்க தட்டே எதுக்கு? பழைய காலத்துக் கீப்பர்மார் மண்வெட்டியால ஒரு புல்லுக்கட்டியைத் திருப்பிப் போட்டு அதுக்கு மேல ஒரு பிடி வெறுங்கல்லைக் கொட்டிப்போட்டுப் போவினம். அடுத்த முறை வேற கட்டி. மழை கழுவும், ஒருத்தரும் கழுவத் தேவையில்லை.

வீங்கின பறவையைக் கண்டால் கீப்பர் அதைத் தாமதிக்காமல் நோகாமல் முடிக்கட்டும். பரிசோதனைக்கு எண்டு ஒண்டு ரெண்டை அனுப்பினால் காணும், எல்லாத்தையும் அனுப்பிக் காசைக் கரைக்காதையுங்கோ.

---

மழைக்கோட்டு (ஜூலை 16)

நேற்று ஜூலை 15. காலை ஐந்து மணிக்குக் கீப்பர், அவர் மனைவி, ஒரு பையன், நான். கிழக்கில் மட்டும் 131 தட்டு, வரைபடத்தில் ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்துக்கொண்டே போனோம். நடுப் பகுதித் தட்டுகள் எல்லாம் மேயிலேயே பண்ணைக்கு வந்துவிட்டன, மரப்பெட்டிகளை நீராவிக் குழாயால் அடித்துக் கழுவி வெயிலில் அடுக்கியிருக்கிறது. அங்கே இப்போது திருப்பிப் போட்ட புல்லுக்கட்டிகள். வீங்கிய கண்ணோடு மேயில் இரண்டு, ஜூனில் ஒன்று. அதற்கப்புறம் இதுவரை கண்ணில் படவில்லை.

மேற்கு முகட்டில் ஒரு பெட்டை, பின்னால் ஏழு குஞ்சு, வண்டிப் பாதையைக் கடக்கும்வரை இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். கடைசிக் குஞ்சு சக்கரத் தடத்துக் குழியில் விழுந்து ஏறத் தவித்தது. காலெல்லாம் முயல் பாதம் மாதிரி வெள்ளைப் பஞ்சு. கீப்பர் இறங்கப் போனார், அதற்குள் ஏறிவிட்டது.

மதியத்துக்குள் 130 மூடி. 87ஆம் எண் தட்டை மட்டும் காணவில்லை. புள்ளி இருக்கிற இடத்தில் பிராக்கன் பெரணி இடுப்பளவு. அண்ணா, சிரிக்காதீர்கள், நாலு பேரும் குச்சியால் தட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் ஸ்பேனியல் நின்று குரைத்த இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. மருந்துப் பக்கம் கீழே.

கவிழ்ந்ததைத் திறந்த தட்டு என்று எழுதுவதா, மூடிய தட்டு என்று எழுதுவதா?

---

பழைய_கம்பளி (ஜூலை 16)

திறந்தது எண்டு எழுதுங்கோ. எண்டைக்குக் கவிழ்ந்தது எண்டு உங்களுக்குத் தெரியாது. நேற்று மூடினது எண்டு திகதி போட்டு, அந்த மூலையை ஆகஸ்ட் 12க்கு முதல் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. சிதறின கல்லைப் பொறுக்கினீங்களோ?

---

மழைக்கோட்டு (ஜூலை 16)

பொறுக்கவில்லை. நாளைக்குப் போகிறேன், வாளியோடு.